கடுகளவு கறுப்பு

பள்ளி வாசலில் பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டு, கேட் மூடிய பிறகும் பத்து நிமிடம் நின்று பேசுகிறோமே, அந்தக் கூட்டத்தில் நான் சொல்லாமல் வைத்திருந்த விஷயம் ஒன்று உண்டு. நேரில் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரிப்பதோடு விடமாட்டீர்கள், "எங்க, நாக்கை நீட்டு பாப்போம்" என்பீர்கள். ரோட்டில் நின்று நாக்கை நீட்டும் வயதை நான் தாண்டிவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை மகளுக்குக் காய்ச்சல். டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னார். நான்கு வயதுக்காரி, கேட்காமலே நீட்டுகிறவள். கேட்டதும் முகவாய் வரை நீட்டினாள். இடது ஓரத்தில் கடுகளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி. டாக்டர் டார்ச்சை அணைத்துவிட்டு, தொண்டை சிவந்திருக்கிறது என்று சிரப் எழுதினார். புள்ளியைப் பற்றிக் கேட்டேன். அது வெறும் நிறம், மச்சம் மாதிரி, ஒன்றுமில்லை என்றார். மறுபடி கேட்டேன். மறுபடி ஒன்றுமில்லை என்றார். மூன்றாவது தடவை கேட்க வாயெடுத்தபோது அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

டாக்டரோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. பக்கத்தில் நின்ற என் மாமியாரும் புள்ளியைப் பார்த்துவிட்டார். ஷேர் ஆட்டோவில் வீடு வந்து சேரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. ஷேர் ஆட்டோவில் பேசாமல் வரும் என் மாமியாரை நீங்கள் யாரும் பார்த்திருக்க முடியாது. நானும் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கண்ணாடி முன்னால் நின்று என் நாக்கை நீட்டினேன். இடது ஓரம். கடுகளவு. அதே இடம். நான் அதை உற்றுப் பார்த்து இருபது வருடத்துக்கு மேல் இருக்கும். இந்தப் புள்ளியால் எங்கள் வீட்டில் ஒரு கல்யாணம் நின்றுபோனது. நிறுத்தியது நான்தானா என்று இந்த வாரம்வரை எனக்குத் தெரியாது.

அப்போது எனக்குப் பத்து வயது. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீடு. முன்னறையை முக்கால்வாசி அப்பாவின் தறி எடுத்துக்கொள்ளும், மீதியில் நாங்கள். நாங்கள் என்றால் அப்பா, அம்மா, அப்பாவின் தங்கையான என் அத்தை, நான். அத்தைக்கு இருபத்து மூன்று வயது. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடியில், சேலைக்கு டிசைன் போடக் கம்ப்யூட்டரில் சொல்லிக்கொடுக்கும் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். அன்னத்தையும் யாளியையும் சின்னச் சின்னக் கட்டங்களாக உடைத்து, தாளில் அச்சடித்துக்கொண்டு வருவாள். அந்தத் தாள்களை யாரும் தொடக்கூடாது. கிழிந்துபோனதைக்கூட எனக்குத் தரமாட்டாள்.

ஆடி மாதம் தமிழ் டீச்சர் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார். உடம்பில் ஓர் உறுப்பை எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்குள்ள வேறு பெயர்கள் என்ன, வீட்டில் அதை வைத்து எப்படியெல்லாம் பேசுகிறார்கள் என்று கேட்டு எழுதி வரவேண்டும். கண், கை, கால், தலை எல்லாவற்றையும் முதல் வரிசைப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள். என் முறை வந்தபோது நாக்கும் முழங்காலும் மிச்சம் இருந்தன. இரண்டில் எதை எடுப்பது என்று நான் யோசித்துக்கொண்டே நின்றதில் டீச்சர் பொறுமையிழந்து நாக்கு என்று எழுதிக்கொண்டார். முழங்காலை எடுத்திருந்தால் என் சிறுவயது அமைதியாகப் போயிருக்கும்.

நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். நா, நாவு என்று இரண்டு பெயர்கள் புத்தகத்திலேயே இருந்தன. மற்றதெல்லாம் வாயிலிருந்து வாங்கியதுதான். இரண்டு பக்கமும் கரை வைத்த ரெட்டைப்பேட்டுச் சேலை முடிவதற்குள் நாக்கு தள்ளிவிடுகிறது என்றார் அப்பா, தறியிலிருந்து தலையைத் தூக்காமல். அம்மாவுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. எனக்கு நாக்கு நீளம், அத்தைக்கு நாக்கு அதைவிட நீளம், அப்பாவின் பெரியம்மா நாக்கில் நரம்பில்லாமல் பேசுவாள், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பாள் என்று வரிசையாகச் சொன்னாள். அம்மா சொன்னதே ஒன்றரைப் பக்கம் வந்தது. அத்தைக்கு அந்த வாரம் ஜுரம் விட்டிருந்தது. ரசம் சாதத்தைத் தள்ளிவைத்துவிட்டு, நாக்கு செத்துப்போச்சு என்று எழுதிக்கொள்ளச் சொன்னாள். அதோடு, கம்ப்யூட்டர் வகுப்பு சார் நுனிநாக்கில் இங்கிலீஷ் பேசுகிறார் என்பதையும்.

பிறகு எதிர்வீட்டுக்குப் போனேன். எதிர்வீட்டம்மா வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். நாலுக என்று ஒரு பெயரை எழுதிக்கொள்ளச் சொன்னார். எழுதிக்கொண்டேன். அடுத்து, குரலைத் தாழ்த்தி, கருநாக்கு என்றார். நாக்கில் கறுப்பு இருக்கிறவர்கள் வாயால் எது சொன்னாலும் அப்படியே பலித்துவிடும் என்று விளக்கமும் சொன்னார். நான் மாதிரி வாக்கியம் எழுத உட்கார்ந்தேன். அப்போதுதான் அவர் கேட்டார்.

"எங்க, உன்னுது காட்டு கண்ணு."

காட்டினேன். பெரியவர்கள் கேட்டால் காட்டுகிற பிள்ளை நான். எதிர்வீட்டம்மா ஜன்னல் வெளிச்சத்துக்கு என்னைத் திருப்பி, இடது பக்கம், வலது பக்கம் பார்த்தார். பிறகு நோட்டை என் கையில் கொடுத்து, வீட்டுக்குப் போகச் சொன்னார். நான் எங்கள் வாசலை அடைவதற்குள் அவர் எங்கள் சமையல்கட்டில் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தார். எந்த வழியாக வந்தார் என்று இன்றுவரை தெரியவில்லை.

ஆதாரங்கள் உடனே கிடைத்தன. முந்தின வாரம் தெருவில் பாவு நீட்டியிருந்தார்கள். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பட்டு நூலை இழுத்துக் கட்டியிருந்தபோது நான் வாசலில் நின்று மழை வரப்போகிறது என்றேன். வானம் அடுப்புக்கரி மாதிரி இருந்தது. யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். மழை வந்தது, ஆளாளுக்கு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். இரண்டாவது ஆதாரம், கரண்ட் போகும் என்று நான் சொன்ன சாயங்காலம் கரண்ட் போனது. அந்த மாதம் தினமும் ஆறு மணிக்குக் கரண்ட் போய்க்கொண்டிருந்தது. அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

அம்மா முதலில் எடுத்த ஆயுதம் நாக்கு வழிக்கிற தகடு. செம்பில் செய்தது. இரண்டு முனையையும் பிடித்து வில் மாதிரி வளைத்தால் மெல்ல ஒரு ரீங்காரம் வரும். எங்கள் நான்கு பேருக்கும் நான்கு தகடு, ஜன்னல் கம்பியில் வரிசையாகத் தொங்கும். என்னுடையதில் அடையாளத்துக்கு ஊதா நிறப் பட்டு நூல் கட்டியிருக்கும். அம்மா உப்பும் மஞ்சளும் தடவி, காலையும் மாலையும் வழித்தாள். புள்ளி போகவில்லை. நான்கு நாளில் எனக்குச் சாம்பாருக்கும் மோர்க்குழம்புக்கும் வித்தியாசம் தெரியாமல் போனது. அந்தத் தகடு எங்கே போயிற்றோ. இப்போது என் மகளுக்குப் பிரஷ்ஷின் முதுகிலேயே ரப்பர் வைத்து வந்துவிட்டது.

அடுத்தது பல்லி. பெருமாள் கோயிலில் மேலே ஏறித் தொடுவோமே, தங்கப் பல்லி, வெள்ளிப் பல்லி, அதுதான். எங்கள் வீட்டில் ஈஸ்வரன் கோயிலைத் தாண்டிப் போகிற வழக்கம் அதிகம் இல்லை. ஆனாலும் அம்மாவிடம் ஒரு நியாயம் இருந்தது, அதை அப்பாதான் எங்களுக்கு விளக்கினார். "பல்லி சொல்றதும் பலிக்குது, இது சொல்றதும் பலிக்குது. ரெண்டும் ஒரே இலாகா."

வரிசையில் நின்று பல்லியைத் தொட்டேன். எல்லோரும் தொட்ட கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். அம்மா என் கையைப் பிடித்து, பல்லியைத் தொட்ட விரலை நேராக என் நாக்கில் வைத்தாள். எத்தனை ஊர்க்காரர்கள் தொட்ட பல்லி அது! பூங்காச் சறுக்கலில் மகள் கை வைத்தால் சானிடைசரோடு ஓடுகிறவள் நான். இதை எழுதும்போதே எனக்கு வாய் கொப்பளிக்கத் தோன்றுகிறது. அம்மாவைக் குறை சொல்லவில்லை. அவளுக்கு அப்போது என் வயதுதான். பயம் வந்தால் கையில் கிடைத்ததைச் செய்வோம். நான் கூகுளில் தேடுகிறேன், அவளுக்குப் பல்லி கிடைத்தது.

பிறகுதான் காற்று திசை மாறியது. எதிர்வீட்டம்மாவின் மகன் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி ஒன்றில் வேலைக்கு இன்டர்வியூ போயிருந்தான். ஒருநாள் எதிர்வீட்டம்மா என்னைக் கூப்பிட்டு, ஒரு பொட்டலம் காராசேவைக் கையில் வைத்து, அவனுக்கு வேலை கிடைக்கும் என்று ஒருதரம் சொல்லச் சொன்னார். சொன்னேன். கிடைத்துவிட்டது. அந்தக் கம்பெனி அந்த மாதம் வண்டி வண்டியாக ஆள் எடுத்துக்கொண்டிருந்தது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அன்றைக்குத் தெரியாது. தெருவுக்கும் தெரியாது.

அதற்கப்புறம் நான் வெறும் கையோடு வீடு திரும்பியதே இல்லை. தொலைந்த கம்மல் கிடைக்கும் என்று சொன்னதற்கு அதிரசம். மாடு சினை பிடிக்கும் என்று சொன்னதற்குப் பால்கோவா. கம்மல் கிடைக்கவில்லை. மாடு அப்படியேதான் இருந்தது. ஆனால் அதைப் பற்றி யாரும் வந்து என்னிடம் கேட்கவில்லை. என் நாக்கின் மேல் எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. நோட்டில் கருநாக்கு என்ற சொல்லுக்கு மாதிரி வாக்கியம், "எனக்குக் கருநாக்கு." தமிழ் டீச்சர் அதற்கு டிக் போட்டு, நாலுக என்பதைச் சிவப்பில் வட்டமிட்டு, இது தெலுங்கு என்று எழுதியிருந்தார்.

இந்த நேரத்தில்தான் அத்தையைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று முடிவானது. ஆவணி முதல் ஞாயிறு. மாப்பிள்ளை ஐயம்பேட்டை. நல்ல குடும்பம், சொந்த வீடு. கல்யாணத்துக்கப்புறம் கம்ப்யூட்டர் வகுப்பெல்லாம் வேண்டாம், வீட்டில் இருந்தால் போதும் என்று தரகரிடம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அம்மா அதை ஒரு சலுகை மாதிரி அத்தையிடம் சொன்னாள். அத்தை கட்டம் போட்ட தாள்களை எடுத்து அடுக்கி, ரப்பர் பேண்டு போட்டாள்.

வெள்ளிக்கிழமை மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது அத்தை என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள்.

"கண்ணு, இது நடக்காதுன்னு ஒரே ஒருதரம் சொல்லிடு."

"அம்மா அடிக்கும்."

"யாரும் இல்லாதப்போ சொல்லு. இன்னா வேணும் உனக்கு?"

பன்னிரண்டு கலர் ஸ்கெட்ச் பேனா வேண்டும் என்றேன். மறுநாளே வந்துவிட்டது. அதே மறுநாள் அம்மாவும் என்னை உட்காரவைத்து, ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்து போகும்வரை வாயைத் திறக்கவே கூடாது என்று சத்தியம் வாங்கினாள். நல்லதுகூடச் சொல்ல வேண்டாம், எப்படித் திரும்பும் என்று சொல்ல முடியாது என்றாள்.

நீங்களே சொல்லுங்கள், பத்து வயதில் நான் என்ன செய்ய முடியும்? இரண்டு பேருக்கும் கீழ்ப்படிய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குள் மெதுவாக, "நடக்காது" என்றேன். சொன்னதும் பயம் வந்துவிட்டது. உடனே, "நடந்தாலும் நடக்கும்" என்றேன். அத்தை முகம் ஞாபகம் வந்தது. "ஆனா வேணாம்" என்றேன். மூன்றில் எது பலிக்கும் என்று தெரியாமலே தலை துவட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

சாயங்காலம் நான்கு மணிக்கு வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, மாமா. தறியின் மேல் துணி போட்டு மூடி, மீதி இடத்தில் ஜமுக்காளம் விரித்திருந்தது. அத்தை தானே முன்னால் வந்து, கதவோரம் நின்ற எதிர்வீட்டம்மாவைக் கையைப் பிடித்து அழைத்து, மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தாள். எவ்வளவு மரியாதை தெரிந்த பெண் என்று மாமா மெச்சிக்கொண்டார். எனக்கு அம்மாவின் ஏற்பாடு வேறு. கையில் ஒரு பொட்டலம் கமர்கட். நல்ல கருப்பட்டிக் கமர்கட், கல் மாதிரி இருக்கும். ஒன்று கரைந்ததும் இன்னொன்றைப் போட்டுக்கொள்ள வேண்டும். பல்லும் பல்லும் ஒட்டிக்கொண்டால் பேச்சு எப்படி வரும்?

பஜ்ஜி வந்தது. மாப்பிள்ளை அத்தையை ஒருதரம் பார்த்தார், மூடிய தறியை நாலுதரம் பார்த்தார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் அம்மாவுக்குக் குழந்தைகள் என்றால் பிரியம் போலிருக்கிறது. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏன் கண்ணு, உங்க அத்தைய எங்க வூட்டுக்கு அனுப்புறியா?"

அப்பா காபி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகாமல் பாதியில் நிறுத்தினார். அம்மா என்னையே பார்த்தாள். நான் கமர்கட்டைப் பார்த்தேன், அதாவது மனதால் பார்த்தேன். அது அசையவில்லை. மாப்பிள்ளையின் அம்மா மறுபடியும் கேட்டார். பேசாத குழந்தையா என்று கவலையாக விசாரித்தார். எதிர்வீட்டம்மா உட்கார்ந்த இடத்தில் நெளிந்தார், முந்தானையைச் சரிசெய்தார், தண்ணீர் குடித்தார். அதற்குமேல் அவரால் முடியவில்லை.

"நல்லாப் பேசுங்க. நாங்கதான் பேச வேணாம்னு சொல்லிக்கினு இருக்கோம். கருநாக்கு பாருங்க, சொன்னா அப்படியே பலிச்சிடுது. எம்புள்ளைக்கு வேலையே இது சொல்லித்தான் கெடைச்சுது."

மாப்பிள்ளையின் அம்மா கையிலிருந்த பஜ்ஜியைத் தட்டில் திரும்ப வைத்தார். மாமாதான் கொஞ்சம் தைரியமானவர். எங்கே, நாக்கை நீட்டு பார்ப்போம் என்றார். பெரியவர்கள் கேட்டால் காட்டுகிற பிள்ளை என்று முன்பே சொன்னேன். காட்டினேன். மூன்று கமர்கட் கரைந்திருந்தது. கடுகளவு புள்ளியைத் தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. நுனியிலிருந்து அடிவரை கறுப்பு. முகவாயிலும் கொஞ்சம் வழிந்தது.

வீட்டில் பேசிவிட்டுச் சொல்லி அனுப்புவதாகச் சொல்லி எழுந்தார்கள். மாமா போகிற போக்கில் தட்டிலிருந்து இரண்டு பஜ்ஜியை எடுத்துக்கொண்டார். சொல்லி அனுப்பவில்லை.

அம்மா அழுதாள். என்னை அடிக்கவில்லை, தோளைப் பிடித்துக் கேட்டாள். "நீ ஒண்ணும் சொல்லலியே?" நான் இல்லை என்று தலையாட்டினேன். தலைதான் பொய் சொன்னது, நாக்கு இல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எதிர்வீட்டம்மாவோடு அம்மா இரண்டு மாதம் பேசவில்லை. தீபாவளிப் பலகாரத் தட்டு வந்ததும் பேசிவிட்டாள்.

அதற்கப்புறம் அத்தைக்குக் கல்யாணம் ஆக எட்டு வருடம் ஆனது. அந்த எட்டு வருடமும் ஒவ்வொரு விசேஷத்திலும் யாராவது ஒருவர், ஐயம்பேட்டை இடம் தட்டிப்போனதிலிருந்தே இப்படித்தான் என்பார். ஒவ்வொரு தடவையும் நான் நாக்கைப் பல்லுக்கு நடுவில் வைத்துக் கடித்துக்கொள்வேன். முப்பத்தொரு வயதில், கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்க வந்தவரையே கல்யாணம் செய்துகொண்டாள். இப்போது ஒரு சின்ன அறை, இரண்டு கம்ப்யூட்டர், தறிக்காரர்களுக்கு டிசைன் போட்டுக்கொடுக்கிறாள். சந்தோஷமாகத்தான் தெரிகிறாள். ஆனால் சந்தோஷமாகத் தெரிகிறவர்கள் எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்களா என்று யோசிக்க ஆரம்பித்தால் எனக்கு நிற்காது. உங்களுக்குத்தான் தெரியுமே.

மகளின் நாக்கைப் பார்த்த மறுநாள், புதன்கிழமை மத்தியானம், அத்தைக்குப் போன் செய்தேன். சுற்றி வளைத்து, நலம் விசாரித்து, கடைசியில் சொல்லிவிட்டேன். "அத்தை, அன்னிக்குக் காலையில நான் சொல்லிட்டேன். பாத்ரூம்ல."

"எதைடி?"

"நடக்காதுன்னு."

அந்தப் பக்கம் கரகரவென்று ஏதோ சத்தம். லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். அத்தை சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அடிப் பைத்தியமே. எதிர்வூட்டம்மாவ அந்தம்மா பக்கத்துல உக்கார வச்சது யாரு? நான்தானே. அரை மணி தாங்குவாங்கன்னு பாத்தேன். பத்து நிமிஷம்கூடத் தாங்கல."

"அப்புறம் எட்டு வருஷம்?"

"அதுவும் நான்தான் வேணாம்னேன். வர்றவங்க எல்லாம் கம்ப்யூட்டர நிறுத்தச் சொன்னா?"

"அப்போ என்கிட்ட எதுக்குக் கேட்ட? ஸ்கெட்ச் பேனா எல்லாம் வாங்கிக்குடுத்து?"

"எதுக்கும் இருக்கட்டும்னுதான்."

போனை வைத்தேன். இருபது வருடமாகக் கடித்துக்கொண்டிருந்த நாக்கை விட்டது போல இருந்தது. நிம்மதிதான். கொஞ்சம் ஏமாற்றமும் இருந்தது. அதை எழுதலாமா என்று யோசித்தேன், எழுதிவிட்டேன்.

மகளிடம் இந்தப் பேச்சே எடுப்பதில்லை என்று முடிவு செய்தேன். படித்திருக்கிறோம், அடுத்த தலைமுறைக்காவது இதைக் கொடுக்காமல் இருக்கலாம். மாமியாரிடமும் தெளிவாகப் பேசிவிட நினைத்தேன். ஆனால் அவர் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு பேத்தியோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள ஆரம்பித்திருந்தார். கதை சொல்கிறாராம். வியாழக்கிழமை குப்பைக்கூடையில் ஜாங்கிரி கட்டிவந்த காகிதம் கிடந்தது. சர்க்கரை உள்ளவர், இப்படிச் சாப்பிடுகிறாரே என்று கவலைப்பட்டேன். கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்வாரோ என்று கேட்கவில்லை.

சனிக்கிழமை ஒரு செய்தி வந்தது. நான் குரூப் ஃபோர் எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருப்பது உங்களுக்குத் தெரியும். அடுத்த வாரம் வந்துவிடும் என்று யாரோ நம் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருந்தீர்கள். அதைப் படித்த பிறகு என்னால் ஒரு வேலையும் செய்ய முடியவில்லை. மகள் கூடத்தில் கவிழ்ந்து படுத்து, யானைக்கு ஊதா அடித்துக்கொண்டிருந்தாள். மாமியார் கோயிலுக்குப் போயிருந்தார். நான் வாசல் கதவைச் சாத்தினேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தலையைத் தடவினேன்.

"கண்ணு, அம்மாவுக்கு வேலை கிடைக்கும்னு ஒரே ஒருதரம் சொல்லு."

அவள் ஊதாவை மூடிவைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"முட்டிவலி போயிடும்னு சொன்னதுக்குப் பாட்டி ரெண்டு ஜாங்கிரி குடுத்தாங்க. நீ எத்தினி குடுப்ப?"

மூன்று என்றேன்.